எக்ஸ் ஜப்பான் பாடல்கள்: எவை புகழ்பெற்றவை, அவற்றை இணைப்பது எது

எக்ஸ் ஜப்பான் என்ற ஜப்பானிய ராக் குழுவின் புகழ்பெற்ற பாடல்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நண்பர் ஒருவர் அனுப்பிய இரண்டு பாடல்களில் ஒன்று மூச்சுவிட இடம் தராத வேகத்தில் ஓடுவதாகவும், மற்றொன்று பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மெல்ல நகர்வதாகவும், இரண்டும் ஒரே குழுவின் பாடல்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் அதைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் போதும். உங்களுடைய உண்மையான கேள்வி இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இவ்வளவு வேறுபட்ட இரண்டு வகைப் பாடல்களும் ஒரே குழுவுக்கு எப்படிப் புகழ் தந்தன, அவற்றுக்கு நடுவே பொதுவாக இருப்பது என்ன? நான் பல ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்தும் கற்பித்தும் வருபவன். இந்தக் குழுவின் பாடல்களை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். ஜப்பானிய மொழியை நான் முறையாகக் கற்றவன் அல்லன் என்பதால், பாடல் வரிகளைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்புகளையே நம்பி எழுதுகிறேன். இசையைப் பற்றிச் சொல்பவை என் காதாலும் கையாலும் அறிந்தவை.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிபா மாவட்டத்தில் உள்ள ததேயாமா என்ற ஊரில் சிறு வயது முதலே நண்பர்களாக இருந்த யோஷிகியும் தோஷியும் 1982-இல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் வெறும் எக்ஸ். யோஷிகி டிரம்ஸும் பியானோவும் வாசிப்பவர், பெரும்பாலான பாடல்களை எழுதியவர், தோஷி பாடகர். கிட்டார் கலைஞர்களான ஹிதேயும் பாட்டாவும், பேஸ் கிட்டார் வாசித்த தைஜியும் சேர்ந்து 1987-இல் உருவான ஐவர் அணிதான் ரசிகர்கள் இன்றும் மனத்தில் வைத்திருக்கும் அணி. 1992-இன் தொடக்கத்தில் தைஜி விலக, ஹீத் வந்தார். அமெரிக்காவில் எக்ஸ் என்ற பெயரில் வேறொரு குழு முன்பே இருந்ததால், வெளிநாட்டு முயற்சிகளுக்காக அதே ஆண்டு பெயரை எக்ஸ் ஜப்பான் என்று மாற்றிக்கொண்டார்கள். விஷுவல் கெய் என்று இன்று அழைக்கப்படும் போக்கு, அதாவது வானை நோக்கி நிறுத்திய முடியும் கனத்த ஒப்பனையும் நாடக உடையுமாக மேடையேறும் ராக் இசைப் போக்கு, தன் பெயரையே இவர்களுடைய 1989-ஆம் ஆண்டு இசைத் தொகுப்பின் (ஆல்பத்தின்) அட்டையில் இருந்த முழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

புகழ்பெற்ற பாடல் என்பதை எதைக் கொண்டு அளப்பது என்பதும் தெளிவாக வேண்டும். விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்கள் ஒரு வகை. கச்சேரியில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் பாடல்கள் இன்னொரு வகை. ரசிகர்களாக இல்லாத பொதுமக்களுக்கும் தெரிந்த பாடல்கள் மூன்றாவது வகை. இவை மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 1994-இல் வந்த ‘ரஸ்டி நெயில்’ ஜப்பானின் ஓரிக்கான் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1989-இல் வந்த ‘குரெனாய்’ பெறவில்லை. ஆனால் இன்று ஜப்பானியத் தெருவில் போகும் ஒருவரிடம் எக்ஸ் ஜப்பான் பாடல் ஒன்றைச் சொல்லச் சொன்னால், முதலில் வரும் பெயர் பெரும்பாலும் ‘குரெனாய்’தான் என்பது என் கணிப்பு. இதற்கு என்னிடம் கணக்கெடுப்பு எதுவும் இல்லை. அடுத்துச் சொல்லப்போகும் காரணங்களால்தான் அப்படிக் கருதுகிறேன்.

‘குரெனாய்’ என்றால் செந்நிறம். இந்தப் பாடல் முதலில் ஆங்கில வரிகளுடன், யோஷிகி சொந்தமாக நடத்திய எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1988 ஏப்ரலில் வெளியிட்ட ‘வானிஷிங் விஷன்’ தொகுப்பில் இடம்பெற்றது. மறு ஆண்டு சிபிஎஸ் சோனி வெளியிட்ட ‘ப்ளூ ப்ளட்’ தொகுப்புக்காக ஜப்பானிய வரிகளுடன் மீண்டும் பதிவாகி, 1989 செப்டம்பரில் தனிப்பாடலாகவும், அதாவது தனியே விற்கப்படும் சிங்கிளாகவும், வந்தது. பெரிய நிறுவனத்தின் வழியாக அவர்கள் வெளியிட்ட முதல் தனிப்பாடல் இதுவே. தொடக்கத்தில் ஹிதேயின் கிட்டார் ஒவ்வொரு தந்தியாகத் தனித்து ஒலிக்க, தோஷி அதன்மேல் மெதுவாக ஆங்கிலத்தில் பாடுகிறார். பிறகு ஒரு நொடி இடைவெளி, அதைத் தொடர்ந்து இரண்டு பாஸ் டிரம்களும் முழங்கப் பாடல் பாயத் தொடங்குகிறது. கச்சேரிகளில் இந்த இடத்திற்குச் சற்று முன்பாகத் தோஷி பாடலின் பெயரை உரக்கக் கூவுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தக் கூவலுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. வரிகள் பிரிவைப் பற்றியவை: செந்நிறத்தில் தோய்ந்து நிற்கும் தன்னைத் தேற்ற இனி எவரும் இல்லை என்று புலம்பும் ஒருவனின் குரல். அந்தச் செந்நிறம் குருதியா, அந்தி வானமா, சினமா என்று ரசிகர்கள் விதவிதமாகப் பொருள் கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அவற்றில் எதையும் முடிவான பொருளாகக் கொள்ளப் போதிய அடிப்படை இல்லை. பாடல் அதைத் திறந்தே விட்டிருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். ஹியோகோ மாவட்டத்தில் உள்ள கோஷியென் மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டிகளில், ஒவ்வொரு பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவும் தன் அணியை ஊக்குவிக்கப் பாடல்களை வாசிக்கும். அங்கே மிக அதிகமாக ஒலிக்கும் ராக் பாடல்களில் ‘குரெனாய்’ ஒன்று. பாடல் வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த மாணவர்கள் ட்ரம்பெட்டிலும் ட்ரோம்போனிலும் அதை வாசிக்கிறார்கள். அங்கே மின்கிட்டாரின் கரகரப்பு இல்லை, இரட்டை பாஸ் டிரம் இல்லை, தோஷியின் உச்சக் குரலும் இல்லை. அத்தனையையும் எடுத்துவிட்ட பிறகும் அந்த மெட்டு தானாக நிற்கிறது, கூட்டத்தைக் கிளப்புகிறது. உங்கள் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். இவர்களுடைய வேகப் பாடல்களின் உள்ளேயும் நீண்ட மூச்சில் பாடக்கூடிய, சோகம் தோய்ந்த ஒரு மெட்டு இருக்கிறது. மெல்லிசைப் பாடலில் அந்த மெட்டு பியானோவோடு வெளிப்படையாக வருகிறது. வேகப் பாடலில் டிரம்ஸுக்கு மேலே மிதந்து வருகிறது. மெட்டு எழுதும் கை ஒன்றுதான்.

டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். ‘குரெனாய்’ போன்ற பாடலில் இரண்டு கால்களும் இரண்டு பாஸ் டிரம்களை மாறி மாறி இடைவிடாமல் மிதிக்கின்றன. கைகள் அதே வேகத்தில் ஸ்நேர் டிரம்மிலும் சிம்பலிலும் விழுகின்றன. ஆனால் பாடகரின் குரலைத் தனியே கவனித்தால், அது அந்த வேகத்தில் ஓடுவதே இல்லை. ஒரு சுரம் பல அடிகள் வரை நீண்டு நிற்கிறது. டிரம்ஸ் பதினாறு முறை தட்டும் நேரத்தில் குரல் இரண்டோ மூன்றோ சுரங்களை மட்டும் தொட்டுச் செல்லும் இடங்கள் உண்டு. காதில் விழும் வேகம் தாளத்தின் வேகம்; பாட்டின் நடை நிதானமானதுதான். நான் மாணவர்களிடம் டிரம்ஸை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் பியானோவில் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்வேன். அப்போது அது ஒரு மெல்லிசைப் பாடலாகவே கேட்கும். ஸ்பீட் மெட்டல் எனப்படும் அதிவேகக் கடின ராக் வகையைச் சேர்ந்த எல்லாக் குழுக்களின் பாடல்களுக்கும் இது பொருந்தாது. அந்த வகையில் பெரும்பாலான குழுக்கள் கிட்டாரின் குறுகிய, திரும்பத் திரும்ப வரும் துண்டு ஒன்றிலிருந்தே பாடலைக் கட்டுகின்றன. யோஷிகி பாடலின் உச்சப் பகுதியை, ஜப்பானிய இசைக்காரர்கள் ‘சபி’ என்று சொல்லும் பகுதியை, மையமாக வைத்துக் கட்டுகிறார். ஜப்பானின் ஜனரஞ்சகப் பாடல்கள் பலவும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. ஆகவே மெட்டல் இசையை விரும்பாத ஜப்பானியக் கேட்பாளருக்கும் இந்தப் பாடல்களில் பழகிய ஒரு வாசல் இருந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு யோஷிகியின் வாழ்க்கையில் சான்று உண்டு. நான்கு வயதிலேயே பியானோ கற்கத் தொடங்கியவர் அவர். பத்து வயதில் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார்; அதற்குப் பிறகுதான் கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசையால் ஈர்க்கப்பட்டு டிரம்ஸ் பக்கம் திரும்பினார். இரண்டையும் அவர் விடவில்லை. கச்சேரிகளில் ஒளி ஊடுருவும் பியானோவில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, எழுந்து சென்று டிரம்ஸை அடித்து நொறுக்குவார். இந்த இரண்டு கருவிகளுக்கு இடையிலான போக்குவரத்துதான் குழுவின் பாடல் வரிசையாகவும் அமைந்தது. 1993-இல் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டினின் பங்களிப்போடு, லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துத் தன் பாடல்களை வெறும் வாத்திய இசையாக அவர் பதிவு செய்த ‘எடர்னல் மெலடி’ என்ற தொகுப்பைக் கேட்டுப்பாருங்கள். நான் சொல்லும் மெட்டின் வலிமை அதில் தெளிவாகத் தெரியும்.

மெல்லிசைப் பாடல்களில் முதலில் சொல்ல வேண்டியது ‘எண்ட்லெஸ் ரெயின்’. இதுவும் ‘ப்ளூ ப்ளட்’ தொகுப்பில் உள்ளதுதான். 1989 டிசம்பரில் தனிப்பாடலாக வெளிவந்தது. பியானோவில் தொடங்கி, ஜப்பானிய வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் வரும் உச்சப் பகுதியை அடைகிறது. அந்த ஆங்கில வரிகள் எளிய சொற்களால் ஆனவை, மெட்டும் எவரும் பாடக்கூடிய எல்லைக்குள் நிற்கிறது. ஆகவேதான் கச்சேரியில் குழுவினர் வாசிப்பதை நிறுத்திய பின்னும் ரசிகர்கள் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். நேரடிப் பதிவுகளில் பல நிமிடங்களுக்கு அது நீள்கிறது. ஹிதே வாசிக்கும் கிட்டார்த் தனியாவர்த்தனத்தையும் கவனியுங்கள். வேக விரல்களைக் காட்டும் வாய்ப்பை அவர் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மனிதக் குரல் பாடுவதற்கு ஏற்ற சுரங்களையே வாசிக்கிறார். என் கருத்தில், இக்குழுவின் மெல்லிசைப் பாடல்களிலேயே மிகக் கச்சிதமாக அமைந்தது இதுதான். பின்னால் வந்த பாடல்கள் இன்னும் பெரிய வாத்தியக் குழுவோடும் இன்னும் நீண்ட முடிவுகளோடும் வந்தன. இதன் சிக்கனம் அவற்றில் இல்லை.

அதே தொகுப்பில் உள்ள ‘எக்ஸ்’ என்ற பாடலையும் விட்டுவிட முடியாது. இது விற்பனையால் புகழ்பெற்ற பாடல் அன்று. முழுக்க முழுக்க மேடையால் புகழ்பெற்றது. பாடலின் உச்சத்தில் அரங்கில் உள்ள அனைவரும் இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக உயர்த்திக் குழுவின் பெயரைக் கூவியபடி குதிப்பார்கள். டோக்கியோ டோம் போன்ற பெரிய அரங்கில் இது நடப்பதைக் காணொளியில் பார்த்தால்தான் இந்தப் பாடல் எதற்காக எழுதப்பட்டது என்பது புரியும். ஒலித்தட்டில் கேட்டால் இது நல்ல வேகப் பாடல், அவ்வளவே. 1990-இல் தனிப்பாடலாக வந்த ‘வீக் எண்ட்’ இரண்டு வகைகளுக்கும் நடுவே நிற்பது. ஒரு சாவைச் சுற்றி நகரும் இருண்ட வரிகளை ஆடத் தூண்டும் தாளத்தில் பாடுகிறது.

1991 ஜூலையில் வந்த ‘ஜெலசி’ தொகுப்பு லாஸ் ஏஞ்சலிஸில் பதிவானது. ஜப்பானில் முதலிடம் பெற்றது. அதன் மையப் பாடல் ‘சைலண்ட் ஜெலசி’. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பாடலில் நான் மேலே சொன்ன வழக்கம் அதன் முழு வடிவத்தை அடைகிறது: பியானோவும் நரம்பிசையும் கொண்ட தொடக்கம், உடனே கடும் வேகம், நடுவில் மீண்டும் பியானோவுக்கு இறங்கும் ஓர் இடைவெளி, பிறகு ஹிதேயும் பாட்டாவும் இணையாக வாசிக்கும் கிட்டார் வரிகள், இறுதியில் மறுபடி உச்சம். இதில் தைஜியின் பேஸ் கிட்டாரைத் தனியே கேளுங்கள். பெரும்பாலான வேகப் பாடல்களில் பேஸ் கிட்டார் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு அடிச்சுரத்தை மட்டும் வாசிக்கும். தைஜி தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு போகிறார். இதே தொகுப்பின் ‘சே எனிதிங்’ மெல்லிசைப் பாடல்களின் வரிசையில் ‘எண்ட்லெஸ் ரெயின்’ பாடலுக்கு அடுத்து வைக்கத்தக்கது. யோஷிகியின் பெயர் எல்லா இடத்திலும் வருவதால் மற்றவர்கள் எழுதிய பாடல்கள் மறைந்துபோவதுண்டு: ஹிதே எழுதிய ‘செலிப்ரேஷன்’, ‘ஜோக்கர்’, பின்னால் வந்த ‘ஸ்கார்ஸ்’ ஆகியவை சோகத்தைத் தள்ளிவைத்துவிட்டு உற்சாகத்தையும் கோணலான கிட்டார் ஒலியையும் கொண்டுவருகின்றன, தைஜி இசையமைத்த ‘வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்’ மின்னொலி இல்லாத கிட்டாரோடு வருகிறது. குழுவின் சுவை ஒரே பக்கம் சாயாமல் இவை காத்தன.

‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ தனியாகப் பேசப்பட வேண்டியது. 1993 ஆகஸ்டில் வெளிவந்த இந்தத் தொகுப்பில் இருப்பது ஒரே ஒரு பாடல்; நீளம் 29 நிமிடம். முழுவதும் ஆங்கில வரிகள். ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு உடன் வாசித்திருக்கிறது. முதலில் ‘ஜெலசி’ தொகுப்பில் சேர்ப்பதற்காகத் திட்டமிடப்பட்டுப் பின்னர் தனியே பிரிக்கப்பட்டது. பாடலின் நடுவே யோஷிகியின் பியானோ தனித்து வருகிறது. அமைதியாகத் தொடங்கும் அது மெல்ல மெல்ல ஒத்திசைவை இழந்து, கைகள் பியானோவை அறையும் நிலைக்குச் செல்கிறது. பல நிமிடங்கள் நீளும் இந்தப் பகுதியைப் பொறுமையிழந்து தாண்டிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் குலைவைக் கடந்து வந்தால்தான் மீண்டும் வாத்தியக் குழு எழும்போது அதன் எடை நமக்குத் தெரியும். கடைசியில் பாடல் தணிந்து அடங்காமல் சட்டென்று அறுபடுகிறது. இதை அவர்களுடைய சிறந்த படைப்பு என்று நான் கருதுகிறேன். ஆனால் புகழ்பெற்ற பாடல் என்ற பொருளில் இது ‘குரெனாய்’ பாடலுக்கு இணையாகாது. வானொலியிலும் கரோக்கே அறையிலும் இதற்கு இடம் கிடைப்பது அரிது. முதல் முறையாக இக்குழுவைக் கேட்பவருக்கு இதைக் கொடுப்பதும் சரியன்று.

1993 நவம்பரில் வந்த ‘டியர்ஸ்’ பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் மெல்லிசைப் பாடல். நரம்பிசைக் குழுவின் பங்கு மிகப் பெரிது. இறுதிப் பகுதியில் ஆங்கிலத்தில் பேசும் குரல் வருகிறது. இறந்துபோன தந்தையின் நினைவோடு சேர்த்தே இந்தப் பாடல் பேசப்படுகிறது, வரிகளும் அதற்கு இடம் தருகின்றன. இது ஜப்பானுக்கு வெளியே சென்ற விதமும் குறிப்பிடத்தக்கது. தென் கொரியாவில் 2004 வரை ஜப்பானிய மொழிப் பாடல்களை அதிகாரபூர்வமாக வெளியிட முடியாத நிலை இருந்தது. ஆனாலும் எக்ஸ் ஜப்பான் இசை படியெடுத்த நாடாக்களின் வழியாக அங்கே பரவியிருந்தது. பின்னர் 2002-இல் எம்.சி. தி மேக்ஸ் என்ற கொரியக் குழு ‘டியர்ஸ்’ மெட்டைக் கொரிய வரிகளோடு பாடியது. அது அங்கே பெரும் வெற்றி பெற்றது. மெட்டு தன் மொழியையும் குரலையும் விட்டுவிட்டுப் பயணம் செய்தது என்பதற்கு இது இரண்டாவது சான்று.

‘ரஸ்டி நெயில்’ என் மாணவர்களில் பலருக்கு முதலில் பிடித்துப்போகும் பாடல். வேகமும் மெட்டும் இதில் வழக்கத்தைவிட நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன; மின்னணு விசைப்பலகையின் ஒலி இதற்கு முந்தைய பாடல்களில் இல்லாத ஒரு குளிர்ந்த நிறத்தைத் தருகிறது. 1996 நவம்பரில் வெளிவந்த ‘டாலியா’ தொகுப்பில் இதுவும் ‘டியர்ஸ்’ பாடலும் இடம்பெற்றன. அத்தொகுப்பின் பாதிக்கு மேற்பட்ட பாடல்கள் அதற்கு முன்பே தனிப்பாடல்களாக வந்துவிட்டவை. ஆகவே அது ஒரே மூச்சில் எழுதிய தொகுப்பைப் போல ஒலிப்பதில்லை. அதில் உள்ள ‘க்ரூசிஃபை மை லவ்’ பியானோவும் நரம்பிசையும் மட்டும் கொண்ட சிறிய ஆங்கிலப் பாடல், டிரம்ஸே இல்லை. நீண்ட பாடல்களால் களைத்துப்போனவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.

‘ஃபாரெவர் லவ்’ பாடலின் புகழுக்கு இசைக்கு வெளியே உள்ள காரணங்களும் சேர்ந்தன. 1996 ஜூலையில் தனிப்பாடலாக வந்த இது அதே ஆண்டு வெளியான ஓர் அனிமேஷன் திரைப்படத்தின் பாடலாகவும் அமைந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் குழு கலைவதாக அறிவிக்கப்பட்டது; தோஷி விலகினார். 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி நடந்தது. அதே இரவு என்ஹெச்கே தொலைக்காட்சியின் ஆண்டிறுதிப் பாடல் நிகழ்ச்சியான கோஹாகுவிலும் தோன்றி, இந்தப் பாடலைப் பாடி விடைபெற்றார்கள். நாட்டின் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது என்பதால், குழுவை அதுவரை கவனிக்காதவர்களின் காதிலும் பாடல் விழுந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1998 மே 2 அன்று ஹிதே இறந்தார். டோக்கியோவின் த்சுகிஜி ஹொங்கான்ஜி ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டதாகச் செய்திகள் கூறின. அங்கே மற்ற உறுப்பினர்கள் இந்தப் பாடலையே அவருக்காகப் பாடினார்கள். 2001-இல் பிரதமரான ஜுனிசிரோ கொய்சுமி இக்குழுவின் ரசிகர்; அந்த ஆண்டு அவருடைய கட்சியின் தொலைக்காட்சி விளம்பரத்திலும் ‘ஃபாரெவர் லவ்’ ஒலித்தது. இதே மெட்டு ஒரு பிரிவுபசாரத்திலும், ஓர் இறுதிச் சடங்கிலும், ஒரு தேர்தல் விளம்பரத்திலும் ஒலித்திருக்கிறது என்பதை எண்ணும்போது, வெறும் இசைத் தரத்தை வைத்து இதன் புகழை அளக்க முடியாது என்றே தோன்றுகிறது. இசையை மட்டும் பார்த்தால் ‘எண்ட்லெஸ் ரெயின்’ பாடலுக்குப் பின்னால்தான் இதை வைப்பேன். கடைசிக் கச்சேரிக்கென்றே எழுதப்பட்டு 1998 மார்ச்சில் தனிப்பாடலாக வந்த ‘தி லாஸ்ட் சாங்’ பாடலும் இத்தகையதே. அதன் சூழலை அறியாமல் கேட்பவருக்கு அது அளவுக்கு மீறி நீண்டதாகத் தோன்றலாம்.

உறுதியான செய்திகளையும் ஐயத்துக்குரியவற்றையும் இங்கே பிரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் இக்குழுவைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் எழுத்துகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. வெளியீட்டு ஆண்டுகள், யார் எழுதிய பாடல், பட்டியலில் பெற்ற இடம் ஆகியவை பதிவில் உள்ளவை, நம்பலாம். ‘ப்ளூ ப்ளட்’ தொகுப்பு ஓரிக்கான் பட்டியலில் ஆறாம் இடம் வரைதான் சென்றது, ஆனால் 100 வாரங்களுக்கு மேல் பட்டியலில் நீடித்தது. மக்களிடம் அது மெல்லப் பரவியதை இந்தச் செய்தி காட்டுகிறது. மூன்று கோடித் தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படும் மொத்தக் கணக்கு பெரும்பாலும் குழுவின் சார்பிலான அறிமுகங்களில் வருவது. எந்தெந்த வடிவங்களைச் சேர்த்து எண்ணியது என்ற விளக்கம் அதோடு வருவதில்லை என்பதால், அதை நான் ஆதாரமாகக் கொள்வதில்லை. விஷுவல் கெய் போக்கை இவர்கள் மட்டுமே உருவாக்கினார்கள் என்பதும் மிகைக்கூற்று. ஒப்பனையோடு மேடையேறிய ராக் குழுக்கள் ஜப்பானில் வேறும் இருந்தன. அந்தப் போக்கை நாடு முழுவதும் அறியச் செய்ததிலும், எக்ஸ்டசி நிறுவனத்தின் வழியாக லூனா சீ, க்ளே போன்ற குழுக்களுக்கு வாய்ப்பளித்ததிலும் இவர்களின் பங்கு பெரிது என்ற அளவில் சொன்னால் பிழையில்லை. ஹிதேயின் மரணத்தையும் அதன் காரணத்தையும் பாடல் வரிகளோடு முடிச்சுப் போட்டு எழுதப்படும் ஊகங்களை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள். அவை பாடலைப் பற்றியும் சொல்வதில்லை, மனிதரைப் பற்றியும் சொல்வதில்லை.

2007-இல் குழு மீண்டும் இணைந்தது. 2008 ஜனவரியில் வெளியான ‘ஐ.வி.’ பாடலில், ஹிதே முன்பு பதிவு செய்து வைத்திருந்த கிட்டார் ஒலி பயன்படுத்தப்பட்டது. லூனா சீ குழுவின் சுகிசோ 2009-இல் கிட்டார் கலைஞராகச் சேர்ந்தார். 2011-இல் ‘ஜேட்’, 2023 ஜூலையில் ‘ஏஞ்சல்’ ஆகியவை வந்தன. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், லண்டனின் வெம்ப்லி அரங்கம், கலிபோர்னியாவின் கோசெல்லா விழா என்று பெரிய மேடைகளில் வாசித்தார்கள். ஆனால் அங்கெல்லாம் கூட்டம் சேர்ந்து பாடியது பழைய பாடல்களைத்தான். புதியவற்றில் ‘ஜேட்’ மட்டும் அந்த வரிசையில் நிற்கத் தகுந்தது என்பது என் கருத்து. 2011-இல் தைஜியும், 2023 அக்டோபரில் ஹீத்தும் காலமானார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் உங்கள் ஐயம் தீர அதுவே நேரான வழி என்பதால் சொல்கிறேன். முதலில் ‘ப்ளூ ப்ளட்’ தொகுப்பிலிருந்து ‘குரெனாய்’, ‘எண்ட்லெஸ் ரெயின்’ இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது ‘குரெனாய்’ பாடலில் டிரம்ஸை மறந்துவிட்டுக் குரலை மட்டும் பின்தொடருங்கள். நீங்களே மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அடுத்து ‘சைலண்ட் ஜெலசி’. இந்த இரண்டு முகங்களையும் ஒரே பாடலில் பார்ப்பீர்கள். பிறகு ‘ரஸ்டி நெயில்’, ‘டியர்ஸ்’. அதற்குப் பின் ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கும் நாளில் ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ பாடலை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். நேரடிப் பதிவுகளில், 1992 ஜனவரியில் டோக்கியோ டோமில் மூன்று நாள்கள் நடந்த கச்சேரியின் பதிவு தைஜி இருந்த அணியின் கடைசிப் பதிவு என்பதால் வாத்தியங்களின் பொருத்தத்துக்காகவும், 1997-இன் கடைசிக் கச்சேரிப் பதிவு பாடல்களின் தேர்வுக்காகவும் பார்க்கத்தக்கவை. பின்னதில் முதல் பாடலாக ‘ரஸ்டி நெயில்’ வருகிறது. நான் மேலே பெயர் சொன்ன பெரும்பாலான பாடல்களை அந்த ஒரே இரவில் கேட்டுவிடலாம். ஒலித்தட்டுப் பதிவுகளை முதலில் கேட்ட பிறகே இவற்றுக்குச் செல்லுங்கள், ஏனென்றால் மேடையில் தோஷி உச்சப் பகுதியைப் பாடாமல் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடும் இடங்கள் பல உள்ளன; மெட்டை முன்பே அறிந்தவர்களுக்குத்தான் அந்த இடங்கள் முழுமையாகக் கேட்கும்.